சாரம் கட்டும்போது மின்கம்பி: 82-ஆம் விதியும் ஒரு வம்சாவளித் தகராறும்

மின்கம்பி பட்டு ஒருவர் இறந்தால் பொறுப்பு யாருடையது என்று இந்தியச் சட்ட எழுத்துகளில் தேடுகிறவர், எந்தப் பக்கம் புரட்டினாலும், மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் வழங்கிய தீர்ப்பில்தான் போய் நிற்பார். அறுந்து கிடந்த கம்பியால் நேர்ந்த சாவுக்கு வாரியத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்கிறவர் என்பதே பொறுப்பைச் சுமத்தப் போதும் என்றது அத்தீர்ப்பு. அதன் முடிவோடு எனக்குப் பிணக்கு இல்லை. அந்த முடிவுக்கு அது எழுதித் தந்த வம்சாவளியைத்தான் ஏற்க முடியவில்லை. கண்டிப்பான பொறுப்பு என்ற ஆங்கிலேயக் கோட்பாட்டிலிருந்தே மின்கம்பிப் பாதுகாப்புச் சட்டம் முழுவதும் கிளைத்தது என்ற எண்ணத்தை அது நிலைநாட்டிவிட்டது. அதனால் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளுக்குள் இருந்த வேறொரு கிளை, அதாவது கம்பிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவரைப் பற்றிய கிளை, வாசிப்பிலிருந்தே நழுவிப்போனது. அந்தக் கிளையின் வேர் 82-ஆம் விதியில் இருக்கிறது என்பதும், 2002 தீர்ப்பு மேற்கோள் காட்டிய பழைய வழக்குகளைக் கூர்ந்து படித்தால் அவையே இதற்குச் சாட்சி சொல்கின்றன என்பதும் என் வாதம்.

வழக்கின் சுருக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1997-ஆம் ஆண்டு, மழை பெய்த ஒரு இரவில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், சாலையில் தேங்கிய நீருக்குள் மறைந்து கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்தார். யாரோ ஒருவர் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு இழுத்த கம்பி அது, ஆகவே அது அயலாரின் செயல் என்பது வாரியத்தின் பதில். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் தொடங்கி, 1920-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த கியூபெக் வழக்கையும், 1936-ஆம் ஆண்டுத் தொகுதியில் பதிவான நார்த்வெஸ்டர்ன் யுடிலிட்டீஸ் வழக்கையும் தொட்டு, பிறகு இந்தியத் தீர்ப்புகளுக்கு வந்தது. ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் உடைத்துக்கொண்டு பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்ததும், மின்சாரம் கம்பியிலிருந்து தப்பி மனிதன் உடம்புக்குள் புகுந்ததும் ஒரே வகை விஷயம் என்பது இதன் உட்கிடை. தப்பிப்போகிற பொருளே இங்கே மையம். மனிதன் வெறுமனே வழியில் நிற்கிறவன்.

வாதத்தின் எஞ்சிய பகுதி இதைச் சார்ந்திருப்பதால், இந்த இரண்டு பிரிவி கவுன்சில் வழக்குகளில் கொஞ்சம் தங்க வேண்டியிருக்கிறது. கியூபெக் வழக்கில் புயற்காற்றில் உயர் அழுத்தக் கம்பியின் மின்சாரம் தாழ் அழுத்தக் கம்பிக்குள் பாய்ந்து, வீட்டுக்குள் நுழைந்து தீப்பிடித்தது. கவனக்குறைவை நிரூபிக்காமலே நிறுவனம் பொறுப்பு என்றானது உண்மைதான். ஆனால் அந்த முடிவு ரைலண்ட்ஸின் வழியில் வந்ததல்ல. ஒருவரின் காவலிலுள்ள பொருள் பிறருக்கு விளைத்த கேட்டுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்ற கியூபெக் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1054-ஆம் பிரிவைப் படித்துச் சொன்னது. எழுதப்பட்ட ஒரு விதியிலிருந்து வந்த பொறுப்பு அது. 2002 தீர்ப்பு அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டது முடிவை மட்டும். விதியிலிருந்து பொறுப்பைப் பெறலாம் என்ற முறையைக் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் அதே வேலையைச் செய்யும் விதி இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. பொது இடத்தின் மேல் செல்லும் காப்பிடப்படாத கம்பி அறுந்தால் அதைத் தீங்கற்றதாக்கும் சாதனம், மின் ஆய்வாளர் ஒப்புதல் தந்த சாதனம், அந்த லைனில் இருக்க வேண்டும் என்கிறது 91-ஆம் விதி. அறுந்த கம்பி உயிரோடு சாலையில் கிடக்காதபடி பார்த்துக்கொள்வது வாரியத்தின் கூடுதல் கடமை என்று நீதிமன்றம் சொன்னபோது, விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கடல் கடந்து போய்க் கொண்டுவந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழக்கு இன்னும் சுவையானது. கனடாவின் எட்மன்டன் நகரில், தெருவுக்கு அடியில் ஓடிய எரிவாயுக் குழாயின் பற்றுவைத்த இணைப்பு பிளந்து, வாயு ஒரு ஹோட்டலின் நிலவறைக்குள் கசிந்து தீப்பற்றியது. இணைப்பு பிளந்ததற்குக் காரணம், அந்தக் குழாய்க்கு அருகே நகராட்சி மேற்கொண்ட சாக்கடைப் பணி. மண் இறங்கியது, குழாயும் இறங்கியது. இதுவும் அயலாரின் செயல்தான் என்று நிறுவனம் சொன்னது. பிரிவி கவுன்சில் அந்தத் தற்காப்பை ஒதுக்கியது என்பதே 2002 தீர்ப்புக்குத் தேவைப்பட்ட செய்தி. எந்தக் காரணத்தால் ஒதுக்கியது என்று பார்த்தால் கதை மாறுகிறது. சட்டத்தின் அனுமதியோடு வாயு கொண்டுசெல்லும் நிறுவனத்தின் மேல் கவனக்குறைவு இல்லாமல் ரைலண்ட்ஸ் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பதை அந்த மன்றம் ஏற்றது. ஆனால் தன் குழாய்க்கு அருகே நகராட்சி தோண்டுகிறது என்பதை நிறுவனம் அறிந்திருக்க வேண்டும். அறிந்து அங்கே ஆள் வைத்துக் கண்காணித்திருக்க வேண்டும். அதைச் செய்யாததே அதன் தவறு என்றது. இவ்வளவு ஆபத்தான பொருளைத் தெருவுக்கு அடியில் வைத்திருக்கிறவர், பக்கத்தில் யார் எந்த வேலை செய்கிறார் என்று தெரியாமல் இருக்க உரிமையில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் கரு. பொருள் தப்பியது என்பதை விட, பக்கத்தில் நடந்த வேலையைத் தெரிந்துகொள்ளவில்லை என்பதே அங்கே எடை பெற்றது. ஆக, கண்டிப்பான பொறுப்புக்கு அரணாக நிறுத்திய இந்தச் சாட்சி, உண்மையில் வேலைத்தலத்தைப் பற்றிய சாட்சி.

இப்போது 82-ஆம் விதிக்கு வருவோம். அது சொல்வது இது. ஒரு லைன் போட்ட பிறகு, அதன் அருகே புதிதாகக் கட்டிடமோ வெள்ளத்தடுப்புக் கரையோ எழுப்பவும், சாலையை உயர்த்தவும், நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வேறு எந்த வேலை செய்யவும் ஒருவர் எண்ணினால், அந்த வேலை நடக்கும்போதோ முடிந்த பிறகோ 77, 79, 80 ஆகிய விதிகள் சொல்லும் இடைவெளி குறையும் என்றால், அவரும் அவர் அமர்த்திய ஒப்பந்தக்காரரும் மின் வழங்குநருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கூடவே அளவுப்படி வரைந்த வரைபடம் ஒன்றும் தர வேண்டும்; அதில் கட்டிடம் மட்டுமல்லாமல், கட்டும்போது தேவைப்படும் சாரமும் காட்டப்பட்டிருக்க வேண்டும். இடைவெளி விதிகள் வேலையின்போதும் அதன் பின்னும் மீறப்பட வாய்ப்பில்லை என்று ஆய்வாளர் சான்று தரும்வரை வேலையைத் தொடங்கவோ தொடரவோ கூடாது. ஒரு விலக்கு உண்டு: ஆட்களுக்கும் சொத்துக்கும் கேடு வராதபடி லைனுக்குப் பாதுகாப்பு அமைத்திருப்பதாக ஆய்வாளருக்குத் தோன்றினால், லைனை மாற்றும் முன்பே வேலை நடக்கலாம் என்று அவர் சான்று தரலாம்.

சாரத்தை வரைந்து காட்டச் சொல்லும் சட்டம் வேலை செய்கிறவனை நினைத்துத்தான் எழுதப்பட்டிருக்க முடியும். கட்டிடம் முடிந்த பிறகு சாரம் இருக்காது. குடிவருகிறவருக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சவுக்குக் கம்பு கட்டிச் சுவரோரம் எழும் அந்தத் தற்காலிக எலும்புக்கூட்டில் நிற்கப்போகிறவர் கொத்தனாரும் சித்தாளும் மட்டுமே. ஆய்வாளர் தரும் விலக்கிலும் இதே நோக்கு தெரிகிறது: லைனை நகர்த்தாமலே, அதைச் சுற்றி அரண் அமைத்து வேலை செய்யலாமா என்று யோசிக்கிறது விதி. இது வேலைத்தலத்தின் கேள்வி. குடியிருப்பின் கேள்வி இல்லை. அச்சில் இன்று கிடைக்கும் இந்த வடிவம் 1956-இல் வெளிவந்தபோது இருந்த அதே வடிவம் என்று நான் சாதிக்கவில்லை. விதியின்மேல் திருத்தங்கள் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன, எந்தச் சொல் எந்த அடுக்கில் வந்தது என்று பிரிப்பது தனி வேலை. என் வாதத்துக்கு அந்தத் தேதி இன்றியமையாததல்ல. 2002-இல் நீதிமன்றம் வம்சாவளி எழுதியபோது 1956 விதிகள் நடைமுறையில் இருந்தன என்பது போதும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, 82-ஆம் விதி செலவுப் பங்கீட்டைப் பற்றிய விதி என்பது. மறுப்பில் பொருள் இல்லாமல் இல்லை. விதியின் பெரும்பகுதி, லைன் முன்பே விதிப்படி போடப்பட்டதா, மாற்றும் செலவை யார் ஏற்பது, மதிப்பீடு எவ்வளவு, முப்பது நாளில் பணம் கட்டுவது, தகராறு வந்தால் ஆய்வாளர் தீர்ப்பது என்றே போகிறது. நடைமுறையிலும் போஸ்ட் மாற்றித் தரச் சொல்லும் விண்ணப்பமாகத்தான் அது பிழைத்திருக்கிறது. ஆனால் செலவுக் கணக்கு மட்டுமே நோக்கமென்றால், பணம் கட்டாதவருக்கு லைன் மாறாது என்று சொல்லி முடித்திருக்கலாம். வேலையையே நிறுத்தி வைக்கும் தடையும் ஆய்வாளரின் சான்றும் அங்கே வந்திருக்க வேண்டியதில்லை. செலவு என்பது கேள்விகளில் ஒன்று. தடையே விதியின் முதுகெலும்பு. எட்மன்டன் நிறுவனத்திடம் பிரிவி கவுன்சில் எதிர்பார்த்த அறிவு, அதாவது பக்கத்தில் என்ன நடக்கிறது என்ற அறிவு, இங்கே எழுத்து அறிவிப்பாகவும் வரைபடமாகவும் சட்ட வடிவம் பெற்றிருக்கிறது.

இடைவெளி எண்களும் இதே திசையைக் காட்டுகின்றன, எதிர்மறையாக. விதிகளின் பழைய அச்சுகளில் தெருவின் குறுக்கே செல்லும் தாழ் அழுத்தக் கம்பிக்கு 5.791 மீட்டர், உயர் அழுத்தத்துக்கு 6.096 மீட்டர், தெரு நெடுகச் செல்வதற்கு முறையே 5.486, 5.791 என்று அச்சாகியிருக்கும். பிந்திய பதிப்புகளில் இவை 5.8, 6.1, 5.5 என வழவழப்பாகிவிட்டன. அந்த மூன்று தசம இலக்கங்களே பிறப்புச் சான்று: 5.791 என்பது 19 அடி, 6.096 என்பது 20 அடி, 5.486 என்பது 18 அடி. கட்டிடத்துக்கு மேலே தாழ் அழுத்தக் கம்பிக்கு விதித்த 2.439 மீட்டர் 8 அடி. பக்கவாட்டில் விதித்த 1.219 மீட்டர் 4 அடி. முன்னது 2.5 ஆக உயர்ந்தது, பின்னது 1.2 ஆனபோது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறைந்தே போனது. எண்களை யாரும் மறுபடி யோசிக்கவில்லை, அலகை மட்டும் மாற்றினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம். அந்த அடிக்கணக்குக்குப் பின்னால் இருந்த மனிதன் யார் என்று ஊகிக்கவும் இடமிருக்கிறது. மொட்டைமாடியில் நின்று கையைத் தூக்கும் நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு ஏழடி அளவுக்கு எட்டும். எட்டடி இடைவெளி அவரைக் காப்பாற்றும். நாலடி, நீட்டிய கையைக் காப்பாற்றும். கையில் எதுவும் இல்லாதவருக்கான அளவுகள் இவை. இருபதடி ஜி.ஐ. பைப்பையோ முறுக்குக் கம்பியையோ கீழிருந்து வாங்கி மாடியில் நிமிர்த்துகிறவருக்கு, கம்பி 8 அடியில் இருந்தாலும் 11,000 வோல்ட் லைனுக்கு விதித்த 3.7 மீட்டரில் இருந்தாலும் ஒன்றுதான்; பைப்பின் தலை அதைத் தாண்டிவிடும். குடியிருப்பவருக்கு எழுதிய எண்ணைக் கொண்டு வேலை செய்கிறவரைக் காக்க முடியாது என்பதால்தான் 82-ஆம் விதி வேலை நடக்கும்போது என்ற காலத்தைத் தனியாகச் சேர்த்தது என்று படிக்கிறேன். இது ஊகம் என்றால் ஊகம்தான். ஆனால் வேறெந்த வாசிப்பிலும் சாரத்துக்கு அந்த விதியில் வேலை இல்லை.

எண்ணுக்குப் பின்னால் எழுத்து சேர்ந்திருப்பதே பின்னால் செருகப்பட்டதைக் காட்டும் 82-ஏ விதி இந்த வாசிப்பை உறுதிப்படுத்துகிறது. கம்பி, குழாய் போன்ற பொருள்களை, இடைவெளி குறையும் வகையில், காப்பில்லாத லைனுக்குக் கீழோ அருகிலோ எடுத்துச்செல்வதென்றால், லைனின் உரிமையாளர் அதற்கென அமர்த்திய தகுதியுள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். மின்சாரம் தாவிவரும் தொலைவுக்குள் எந்த நிலையிலும் கொண்டுபோகக் கூடாது என்கிறது அது. இங்கே அளவுகோல் நிலத்திலிருந்து கம்பிவரை போவதை விட்டு, மனிதன் கையிலுள்ள பொருளிலிருந்து கம்பியை நோக்கித் திரும்பிவிட்டது. 36-ஆம் விதி உயிருள்ள லைனில் வேலை செய்யும் அங்கீகரிக்கப்பட்ட மின் ஊழியரைப் பற்றியது. லைனோடு தொழில் தொடர்பே இல்லாமல் அதன் கீழே உழைக்கிறவர் 82-இலும் 82-ஏ-இலும்தான் தலை காட்டுகிறார். பிற நாடுகள் இதே திருப்பத்தை இன்னும் வெளிப்படையாக எடுத்தன. அமெரிக்கக் கட்டுமான விதிகளில் கிரேனின் எந்தப் பகுதியும் அது தூக்கும் சுமையும் 50,000 வோல்ட் வரையுள்ள லைனிலிருந்து பத்தடி விலகியிருக்க வேண்டும். 2010-இல் வந்த புதிய விதி, இருபதடிக்குள் வரக்கூடுமா என்று வேலை தொடங்கும் முன்பே கணிக்கச் சொன்னது. இங்கிலாந்தின் 1989 ஒழுங்குவிதிகளில் 14-ஆவது, உயிருள்ள கம்பிக்கு ஆபத்து விளையும் அளவு அருகே வேலை செய்வதையே முதலில் கேள்விக்குட்படுத்துகிறது: மின்சாரத்தை நிறுத்துவது நியாயமற்றதா என்ற கேள்விக்கு முதலாளி விடை சொன்ன பிறகே மற்றவை. நம் விதி எண் எதையும் புதிதாகத் தராமல் மேற்பார்வையாளரைக் கேட்டது. அவர் லைனின் உரிமையாளர் அமர்த்தியவராக இருக்க வேண்டும் என்பதில், எட்மன்டன் வழக்கின் நிழல் விழுகிறது.

இரண்டாவது மறுப்பு கடினமானது. கண்டிப்பான பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்கு எளிய வழி; விதிகளின் கிளையைத் தேடிப்போவது அவர் சுமையைக் கூட்டும்; அறிவிப்பு தராமல் கட்டினாய், உன் தவறுதான் என்று வழங்குநர் தப்பிக்கவும் 82-ஆம் விதியே கருவியாகும் என்பார்கள். மறுப்பின் பின்பாதி உண்மை. அப்படித் தற்காப்பு எழுப்புவது சாதாரணம். ஆனால் ரைலண்ட்ஸ் கோட்பாட்டுக்குள்ளேயே, பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு என்ற விலக்கு இருக்கிறது. அறியாமல் கம்பியில் சிக்கியவரைக் காக்கும் கோட்பாடு, கம்பி இருப்பது தெரிந்தே அதன் கீழ் பைப்பைத் தூக்கியவரிடம் வந்ததும் கைவிரிக்கத் தொடங்கும். நீதிமன்ற வாசலிலும் இதே சிக்கல். 1999-இல் ஒரிசா வழக்கிலும் 2000-இல் தமிழ்நாடு மின்வாரிய வழக்கிலும், யாருடைய தவறு என்ற உண்மை நிலை தகராறில் இருந்தால் ரிட் மனுவில் இழப்பீடு தருவது முறையல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கோட்பாட்டை மட்டும் நம்பி வருகிறவர் இந்தத் தகராறில் மாட்டிக்கொள்கிறார். விதியைக் கொண்டு வருகிறவரிடம் கேள்வி வேறு: அறிவிப்பு வந்ததா, வரைபடம் இருக்கிறதா, ஆய்வாளர் சான்று உண்டா, மேற்பார்வைக்கு ஆள் அனுப்பப்பட்டாரா? இவை காகிதத்தில் விடை கிடைக்கும் கேள்விகள்.

இந்த வழி நீதிமன்றத்துக்கு அந்நியமானதல்ல என்பதற்கு 2004-ஆம் ஆண்டு ஹரியானா மின்வாரிய வழக்கு போதும். குடியிருப்பு ஒன்றின் மேல் தொய்ந்து சென்ற உயர் அழுத்தக் கம்பியில் பட்டு ஒரு சிறுவன் இறந்தான். வீடுகள் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை என்றது வாரியம். அனுமதியற்ற கட்டிடம் லைனுக்கு அருகே எழுந்தால் உரிய அதிகாரிகளை அணுகி, தேவையானால் நீதிமன்றத்துக்கே போய், அதை அகற்றச் செய்வது வாரியத்தின் கடமை. கம்பி தொய்கிறது என்று புகார் வந்தால், வீடு அனுமதியற்றதாகவே இருந்தாலும் உரிய இடைவெளியை உறுதிசெய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இதில் உண்மை நிலை பற்றிய தகராறே இல்லை என்றும் சொன்னது. தீர்ப்பு ஆபத்தான தொழில் என்ற சொல்லாட்சியில்தான் தொடங்குகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது முடிவை எட்டியது, இடைவெளி என்ற விதியின் அளவையும், பக்கத்தில் நடப்பதை அறிந்து செயல்படும் கடமையையும் கையில் எடுத்தபோதுதான். 2002 தீர்ப்பை விட இதையே மூத்த முன்னுதாரணமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அறிவிப்பு வரவில்லை என்ற தற்காப்பையும் இது பெருமளவு செயலிழக்கச் செய்கிறது.

1910-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் நீக்கியபோதும் 1956 விதிகள் உடனே மறையவில்லை. 53-ஆம் பிரிவின் கீழ்ப் புதிய ஒழுங்குவிதிகள் வரும்வரை அவை தொடரும் என்று 185-ஆம் பிரிவு காப்பாற்றி வைத்தது. மத்திய மின்சார ஆணையம் 2010 செப்டம்பரில் ஒழுங்குவிதிகளை வெளியிட்டபோது 82-ஆம் விதியின் உள்ளடக்கம் 63-ஆகவும், 82-ஏ-இன் உள்ளடக்கம் 64-ஆகவும் இடம்பெற்றன. 2023-இல் அவற்றின் இடத்தில் புதிய தொகுதி வந்தது. எண் மாறியது, சாரம் போகவில்லை. ஆனால் 2010 தொகுதி ஒரு புதிய வரியையும் சேர்த்தது: இருக்கும் லைனுக்குக் கீழே எந்தக் கட்டிடமும் கட்டக் கூடாது. குடியிருப்பவரின் பாதுகாப்புக்கு இது நல்ல வரி. வேலை செய்கிறவரின் கோணத்தில் பார்த்தால் இது 63-ஆம் ஒழுங்குவிதியோடு உரசுகிறது. லைனுக்கு நேர் கீழே கட்டுவதே தடை என்றால், அங்கே கட்டுகிற உரிமையாளர் அறிவிப்புத் தரப்போவதில்லை. அறிவிப்புத் தந்தால் தன் மீறலைத் தானே எழுதிக் கொடுத்ததாகும். அறிவிப்பு இல்லாத இடத்தில் வரைபடம் இல்லை, ஆய்வாளர் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை; சாரத்தில் நிற்கிற கூலியாள் மட்டும் இருக்கிறார், தன் முதலாளி அனுமதி வாங்கினாரா என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது, அறிவிப்புக்காகக் காத்திராமல் வழங்குநரே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற 2004-ஆம் ஆண்டுக் கடமை. அந்தக் கடமை, லைன் நெடுக எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் நிறைவேறியதாகும் என்பதைத் தீர்ப்பும் வரையறுக்கவில்லை, 63-ஆம் ஒழுங்குவிதியும் வரையறுக்கவில்லை.